வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர்: எங்கே வைப்பது, எப்படி ஓட்டுவது, எப்படி எடுத்து வைப்பது

புதிதாக ஜெனரேட்டர் வாங்கி வந்தவர் பெட்டியைப் பிரித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இதை எப்படி ஸ்டார்ட் பண்றது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "எங்கே வைக்கப் போறீங்க?" ஸ்டார்ட் செய்வதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். இடம் தப்பாகிவிட்டால் வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடலாம்.

இங்கே நான் சொல்வதெல்லாம் வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் வாங்குகிற, தூக்கியோ தள்ளியோ நகர்த்தக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர்களுக்கு. நிலையாகப் பொருத்தி வைக்கும் பெரிய டீசல் செட்டுகளின் கணக்கு வேறு.

முதல் வேலை இடம் பார்ப்பது

பெட்ரோல் எரிகிற எந்த எஞ்சினிலும் புகையோடு கார்பன் மோனாக்சைடு வெளியே வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காற்றில் கொஞ்சமே கலந்திருந்தாலும், மூச்சு விட விட உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். கார்களில் இந்த வாயுவைக் குறைக்க கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற ஒன்று இருக்கிறது. சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

அறிகுறிகள் சாதாரணமாகத்தான் தொடங்கும்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் அசதி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுத்தால் கதை முடிந்தது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போய் நின்றால் குறைகிறது என்றால், சந்தேகமே வேண்டாம். முதலில் எல்லோரும் வெளியே. குழந்தைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டாவது வெளியே. ஆம்புலன்ஸை அழைப்பது, ஜெனரேட்டரை நிறுத்துவது எல்லாம் அதற்கப்புறம். மருத்துவரிடம் "ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்று எண்ணி 98, 99 என்று காட்டும்.

அதனால் ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் வீட்டைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பியபடி இருக்க வேண்டும். வராண்டா, பால்கனி, மாடிப்படிக்கு அடியில், கார் ஷெட் என்று எதுவும் கணக்கில் வெளி ஆகாது. ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்து, ஃபேனும் போட்டாலும் கார் ஷெட் ஆபத்துதான். உங்கள் வீட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டு அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் தெரியாதவர்களா உள்ளே கொண்டுபோய் வைக்கிறார்கள்? பாதிப் பேருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். மழை பிடிக்கிறது, திருடன் வந்துவிடுவான் என்று பயம், சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் சண்டை. இந்த மூன்றும் சேர்ந்து ஜெனரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்கும், அங்கிருந்து உள்ளுக்கும் இழுத்துவந்துவிடும். புயல் ராத்திரியில் நனைந்துகொண்டே யோசித்தால் தப்பான முடிவுதான் வரும். ஆகவே மூன்றுக்கும் பதிலை, கரன்ட் இருக்கிற, வெயில் அடிக்கிற ஒரு நாளில் தயார் செய்துவிட வேண்டும்.

மழைக்கு: நான்கு பக்கமும் திறந்த, நாலு காலில் நிற்கும் ஒரு சின்னக் கூரை. இரும்புக் கால், தகரம் போதும். எஞ்சினுக்கும் கூரைக்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருக்க வேண்டும், சுற்றிலும் மூன்றடிக்கு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. தார்ப்பாயைப் போர்த்தி ஓட்டுவது மழையைவிட மோசம். சூடு வெளியேறாமல் தீப்பிடிக்கும். தரையைக் கொஞ்சம் உயர்த்தி சிமென்ட் போட்டுவிட்டால் தண்ணீர் தேங்காது, மட்டமாகவும் இருக்கும். திருட்டுக்கு: அந்த சிமென்டிலேயே ஒரு இரும்பு வளையத்தைப் பதித்து, சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். சத்தத்துக்கு: மரப்பெட்டி செய்து மூடும் யோசனையை விட்டுவிடுங்கள். தள்ளி வைப்பதும், அடியில் ரப்பர் கட்டை போடுவதும், இரவு பத்து மணிக்கு நிறுத்துவதும்தான் பயன் தரும். வாங்கும்போதே சத்தம் முக்கியம் என்று தோன்றினால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரைப் பாருங்கள்; லோடு குறைந்தால் எஞ்சின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

படுக்கையறைப் பக்கம் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டி விடுங்கள். சில புதிய ஜெனரேட்டர்களில் வாயு சேர்ந்தால் தானே நின்றுவிடும் சென்சார் வருகிறது. நல்லதுதான். ஆனால் அந்த சென்சார் ஜெனரேட்டர் பக்கத்துக் காற்றைத்தான் பார்க்கிறது; உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துக் காற்றை அல்ல.

என்னென்ன தாங்கும்

ஜெனரேட்டரில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று தொடர்ந்து தரக்கூடிய அளவு, இன்னொன்று சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்ச அளவு. கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். நீங்கள் சின்ன எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். கே.வி.ஏ. என்று போட்டிருந்தால், வழக்கமாக அதை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட். 2 கே.வி.ஏ. என்றால் ஏறத்தாழ 1600 வாட். அதிலும் முழுக்கப் பிழியாமல் முக்கால் அளவில் ஓட்டினால் எஞ்சின் நெடுநாள் உழைக்கும்.

மோட்டார் உள்ள பொருட்கள்தான் ஏமாற்றும். ஓடும்போது 150 வாட் எடுக்கும் பிரிட்ஜ், கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். இதைக் காதாலேயே கேட்கலாம். ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். பிரிட்ஜ் கிளம்பியதும் எஞ்சினின் குரல் சட்டென்று கீழே இறங்கும், லைட் ஒரு கணம் மங்கும், பிறகு எஞ்சின் மூச்சை இழுத்துக்கொண்டு பழைய குரலுக்கு வரும். இறங்கிய குரல் உடனே ஏறினால் சரி. இறங்கியபடியே முனகிக்கொண்டு நின்றால் லோடு அதிகம். எதையாவது உடனே கழற்றுங்கள். பிரேக்கர் டிரிப் ஆகட்டும் என்று காத்திருந்தால் பிரிட்ஜின் கம்ப்ரசர்தான் முதலில் போகும்.

கீசர், அயர்ன் பாக்ஸ், இன்டக்‌ஷன் அடுப்பு போன்ற சூடு தரும் பொருட்களை மறந்துவிடுங்கள். ஒன்றே 1000, 2000 வாட் கேட்கும்.

கரன்ட் வீட்டுக்குள் வரும் வழி

இதற்கு நியாயமான வழி இரண்டே இரண்டு. வயரை இழுத்துப் பொருட்களை நேரடியாக மாட்டுவது ஒன்று. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுவது இன்னொன்று.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகுவது. யாராவது "மெயினை ஆஃப் பண்ணிட்டாப் போதும்" என்று சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். ஒரு நாள் மெயினை ஆஃப் செய்ய மறந்தாலும் உங்கள் கரன்ட் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கமும் வேலை செய்யும் பொருள். வீட்டுக்காக மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் அதே பெட்டி, திருப்பிக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். அந்தக் கம்பியில் கரன்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் ஏறி நிற்பார். போதாக்குறைக்கு, அந்த வயரின் ஒரு முனை சாக்கெட்டிலிருந்து கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னிலேயே உயிருள்ள கரன்ட் இருக்கும். நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தெருக் கரன்ட் திரும்பி வந்தால் ஜெனரேட்டரும் எரியும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தோடு மட்டுமே வீட்டை இணைக்கும். அதன் மொத்தப் பயனும் அதுதான். ஃபேன், லைட், பிரிட்ஜ் என்று தேவையான சர்க்யூட்டுகளை மட்டும் அதில் கொடுக்கச் சொல்லுங்கள். எர்த்திங் பற்றியும் அவரிடமே கேளுங்கள். பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் கம்பி ஜெனரேட்டரின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில், கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்க வீட்டில் வைத்திருக்கும் ஆர்.சி.சி.பி. நீங்கள் எதிர்பார்ப்பதுபோல வேலை செய்யாமல் போகலாம். இது யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

வயரை இழுக்கிறீர்கள் என்றால், வெளிப்புறத்துக்கு ஏற்ற, எர்த்தோடு சேர்ந்த மூன்று கோர் வயராக, கனமானதாக வாங்குங்கள். உருளையில் சுற்றிய வயர் என்றால் முழுவதையும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே லோடு கொடுத்தால் உள்சுற்று உருகும். அரைமணி நேரம் ஓடிய பிறகு வயரையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று: வயரை உள்ளே விட ஜன்னலைத் திறந்தீர்களே, அந்தச் சந்து வழியாகப் புகையும் வரும். துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வது

புது ஜெனரேட்டரில் பெரும்பாலும் எஞ்சின் ஆயில் இருக்காது. காலியாகத்தான் அனுப்புவார்கள். கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன அளவுக்கு ஊற்றி, மட்டமான தரையில் வைத்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சாய்வான இடத்தில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். ஓடும்போதும் ஆயில் சென்சார் குழம்பி எஞ்சினை நிறுத்திவிடும். "புது வண்டி, அதற்குள் ரிப்பேரா?" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

பெட்ரோல் ஊற்றியாகிவிட்டதா, பெட்ரோல் வால்வைத் திறங்கள். டாங்க் மூடியில் காற்றுத் திருகு இருந்தால் அதையும் திறங்கள். எதையும் மாட்டியிருக்கக் கூடாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் நெம்பு) மூடுங்கள், சுவிட்சை ஆன் செய்யுங்கள். கயிற்றை முதலில் மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் இறுகும். அங்கேயிருந்து கயிற்றை உள்ளே விட்டு, பிறகு ஒரே இழுப்பாக வேகமாக இழுங்கள். கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிடாமல் பிடித்தபடியே திரும்ப உள்ளே அனுப்புங்கள். படாரென்று விட்டால் ஸ்பிரிங் போய்விடும். எஞ்சின் பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள்.

நாலைந்து இழுப்பிலும் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை வேறு அடிக்கிறது என்றால் அதிகப் பெட்ரோல் உள்ளே போய்விட்டது. சோக்கைத் திறந்துவிட்டு, சற்று நேரம் கழித்து இழுங்கள். கோபத்தில் இழுத்துக்கொண்டே இருந்தால் தோள்தான் வலிக்கும்.

இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, பெரிய லோடை முதலில் மாட்டுங்கள். அது நிலைப்பட்ட பிறகு அடுத்தது. நிறுத்துவது இதற்கு நேர்மாறு: எல்லாவற்றையும் கழற்றி, சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, சுவிட்சை ஆஃப் செய்து, பெட்ரோல் வால்வை மூடுங்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது

ஓடுகிற ஜெனரேட்டரில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். நிறுத்திய உடனேயும் வேண்டாம். குறைந்தது கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து போகும். சிந்திய இடத்துக்குப் பத்தடி தள்ளி எரிகிற விளக்கும் அதைப் பற்ற வைக்கும். இருட்டில் டார்ச் மட்டும்தான்; மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் வரவே கூடாது. விளிம்புவரை ஊற்றாமல் ஓர் அங்குலம் விடுங்கள், சூட்டில் பெட்ரோல் விரியும். கேனைப் பங்க்கில் நிரப்பும்போது வண்டியிலேயே வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வையுங்கள். நிலைமின் பொறி வராமலிருக்க அதுதான் வழி. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலுக்கென்றே விற்கிற கேனில், வீட்டுக்கு வெளியே, நிழலில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பெட்ரோலை மிச்சப்படுத்த ஒரு யோசனை. பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் கரன்ட் இல்லாமலே நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஆகவே விடிய விடிய ஓட்ட வேண்டியதே இல்லை. மாலையில் சில மணி நேரம் ஓட்டி, பிரிட்ஜைக் குளிரவைத்து, போன்களுக்கும் எமர்ஜென்சி லைட்டுக்கும் சார்ஜ் ஏற்றிவிட்டு, தூங்கப் போகுமுன் நிறுத்திவிடுங்கள். எல்லோரும் தூங்கும்போது ஓடும் ஜெனரேட்டரைக் கவனிக்க ஆள் கிடையாது.

எடுத்து வைப்பது

முதல் ஜெனரேட்டரை நான் கெடுத்தது ஓட்டியதால் இல்லை, ஓட்டாமல் விட்டதால். டாங்க்கில் பாதிப் பெட்ரோலோடு ஒரு மூலையில் வைத்தேன். எட்டு மாதம் கழித்துத் தேவைப்பட்ட அன்று தோள் கழலும்வரை இழுத்தும் அசையவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தருகிற கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தை மெக்கானிக் கழற்றிக் காட்டினார். உள்ளே பெட்ரோல் இல்லை. தேன் நிறத்தில் பிசின் ஒன்று படிந்திருந்தது, பழைய வார்னிஷ் வாடை. பெட்ரோல் போக வேண்டிய ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். அது முழுக்க அடைத்திருந்தது.

பெட்ரோல் ஓரிரு மாதத்திலேயே கெடத் தொடங்கும். எத்தனால் கலந்தது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால், ஆறிய எஞ்சினில் டாங்க்கைக் காலி செய்யுங்கள். பிறகு கார்பரேட்டரின் அடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் மிஞ்சியதையும் ஒரு டப்பாவில் பிடியுங்கள். டாங்க்கை மட்டும் காலி செய்து இதை விட்டுவிட்டால் பலனில்லை; பிசின் கட்டுவது அங்கேதான். அடிக்கடி தேவைப்படும், காலி செய்ய முடியாது என்றால், புதுப் பெட்ரோலில் ஃப்யூயல் ஸ்டெபிலைசர் என்ற, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் வைக்கும் மருந்தைக் கலந்து பத்து நிமிடம் ஓட்டுங்கள், மருந்து கார்பரேட்டர்வரை போய்ச் சேரும்.

நீண்ட நாளைக்கு என்றால் இன்னும் ஒரு வேலை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள். பிளக்கை மாட்டிய பிறகு, கயிறு இறுகும் இடம்வரை இழுத்து அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும்; ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.

ஆயிலைப் பொறுத்தவரை, புது எஞ்சினில் பொதுவாக முதல் 20 மணி நேர ஓட்டத்திலேயே மாற்றச் சொல்வார்கள். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. உங்கள் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். பட்டன் ஸ்டார்ட் உள்ளது என்றால் பேட்டரிக்கு மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள்.

முழுக்க ஆறிய பிறகே உறை போடுங்கள். நேராக நிற்கட்டும்; படுக்கவைத்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். பெட்ரோல் மிச்சம் இருக்கிற ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, அடுப்போ வாட்டர் ஹீட்டரோ இருக்கிற அறையில் கண்டிப்பாகக் கூடாது.

முழுக்கக் காலி செய்து வைக்காதவர்கள் மாதம் ஒரு முறை இருபது நிமிடமாவது, பிரிட்ஜையோ இரண்டு ஃபேனையோ மாட்டி, லோடோடு ஓட்டுங்கள். கடைசியாக ஓட்டிய தேதியையும் ஆயில் மாற்றிய தேதியையும் ஓர் அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிட்டால் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. நெடுநாள் கழித்து எடுக்கிறீர்கள் என்றால், கயிற்றைத் தொடும் முன் டார்ச் அடித்து சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள். சைலன்சரில் குளவி மண்ணால் கூடு கட்டியிருக்கும், ஃபில்டர் பெட்டியில் எலி பஞ்சைக் குதறிப் போட்டிருக்கும், அப்படியே ஸ்பார்க் பிளக் வயரையும் கடித்து வைத்திருக்கும்.